நவம்பர் 7: பிள்ளைகள் எழுதிய கதைகளைக் கேட்க வாருங்கள்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

நம் புத்தக அலமாரியிலிருந்த பழைய கோகுலம் சிறுவர் இதழ்களைப் படித்துத் தீர்த்த பிள்ளைகள், இப்போது எழுதவே தொடங்கிவிட்டார்கள்! நேற்று ஒரு நான்காம் வகுப்புச் சிறுமி, நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் எழுதிய அணில் கதையை ஊசிநூலால் தைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். நெகிழ்ந்துபோனேன்.

கோகுலம் ஆசிரியராக இருந்த குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922) பிறந்த நாளில் கூடுவோம்: நவம்பர் 7, சனிக்கிழமை, மாலை 4 மணி, மொட்டை மாடி.

1. பிள்ளைகள் எழுதியதை அப்படியே கொண்டுவரட்டும். பிழை இருந்தாலும் தயவுசெய்து நீங்கள் திருத்தாதீர்கள்.
2. சிறுவயதில் நீங்கள் விரும்பிப் படித்த புத்தகம் ஒன்றை எடுத்துவாருங்கள். அலமாரிக்கே கொடுத்தால் மிக்க மகிழ்ச்சி.
3. பிள்ளையின் பெயர், வகுப்பை வியாழன் இரவுக்குள் இங்கே பதிவிடுங்கள். பாய்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.