கீழ்த்தாடைக்கு எந்த ஊசி?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் பல் இம்பிளான்ட் (இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் திருகு பதித்துப் பல் கட்டுவது) கட்டுரை, திருகின் விலை, தரம், எலும்போடு ஒட்ட எத்தனை மாதம் என்பதையெல்லாம் விளக்கிவிட்டு, மரத்துப்போகும் ஊசியை மட்டும் 'ஊசி போட்டால் வலி தெரியாது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. சரிதான், தெரியாது. ஆனால் எந்த ஊசி, எந்த இடத்தில் என்பதில் பல் மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. இந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எழுதுகிறேன்.

மேல்தாடையில் சிக்கல் இல்லை. அந்த எலும்பு இட்லி மாதிரி, நுண்துளைகள் நிறைந்தது. ஈறின் வெளிப்பக்கம் கொஞ்சம், அண்ணப் பக்கம் கொஞ்சம் மருந்து விட்டால் ஊறிப்போய் நரம்பு நுனிகளை எட்டிவிடும். (அண்ணத்தில் போடுவதுதான் கண்ணில் தண்ணீர் வரவைக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் தாங்கிக்கொள்வார்கள்.)

கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதி அப்படியல்ல. வெளி எலும்பு கெட்டி, மருந்து எளிதில் இறங்காது. அதனால் எங்களுக்குக் கல்லூரியில் சொல்லித் தந்தது 'பிளாக்'. வாயை அகலத் திறக்கச் சொல்லி, தாடையின் உள்பக்கம் நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தருகே மருந்தை விடுவது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1880களிலேயே கோக்கெய்ன் கொண்டு செய்துகாட்டிய முறை. சில நிமிடத்தில் 'உதடு தடிச்ச மாதிரி இருக்கு டாக்டர்' என்பார் நோயாளி. ஒரு பக்கத்து உதடு, நாக்கு, எலும்பு எல்லாம் அடங்கிவிடும். பழகின கைக்கும் சில சமயம் குறி தப்பும் என்பது வேறு விஷயம்.

இம்பிளான்ட்டில்தான் இது விவாதமாகிறது. அதே நரம்பு, நாம் துளை போடும் இடத்துக்குக் கீழே எலும்புக்குள் ஒரு குழாய்ப் பாதையில் ஓடுகிறது. பிளாக் போட்டவருக்கு டிரில் அதன்மேல் உரசினாலும் தெரியாது. அதனால் சிலர் பிளாக்கைத் தவிர்த்து, துளையிடும் இடத்தைச் சுற்றி மட்டும் மருந்து விடுகிறார்கள். டிரில் நரம்பை நெருங்கினால் நோயாளி 'சுருக்குனு இருக்கு' என்பார், உடனே நிறுத்திவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. சி.பி.சி.டி. ஸ்கேன் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) எடுத்து, நரம்புக்கு மேல் 2 மில்லிமீட்டர் இடம் விட்டுத் திட்டம் போட முடிகிற காலத்தில் நோயாளியை ஏன் எச்சரிக்கை மணியாக்க வேண்டும் என்பது எதிர்த்தரப்பு. அந்த மணியும் நம்பகமானதல்ல. மருந்து ஆழமாக ஊறியிருந்தால் ஒலிக்காது. பயந்தவராக இருந்தால் வெறும் அழுத்தத்துக்கே துள்ளுவார்.

என் அபிப்பிராயம்: ஒன்றிரண்டு இம்பிளான்ட்டுக்கு, ஸ்கேனும் கையில் இருந்தால், சுற்றிலும் போடும் ஊசியே போதும். அதற்கு ஆர்ட்டிகெய்ன் நல்ல மருந்து. 1970களில் ஜெர்மனியில் புழக்கத்துக்கு வந்தது; வழக்கமான 2 சதவீத லிக்னோகெய்னைவிட எலும்புக்குள் நன்றாக இறங்கும். 4 சதவீதக் கரைசல் என்பதால் அளவில் கவனம் வேண்டும். அதையே பிளாக்குக்குப் பயன்படுத்தப் பலர் தயங்குகிறார்கள், நாக்கு மரத்தபடியே நின்றுவிட்டதாகப் புகார்கள் பதிவாகியிருப்பதால். நிறையத் திருகுகள், எலும்பு ஒட்டு (குறைந்துபோன தாடை எலும்பில் எலும்பு வைத்து நிரப்புவது), நீண்ட நேர வேலை என்றால் பிளாக்தான். ஸ்கேன் எடுக்காமல் 'வலிச்சா கையைத் தூக்குங்க' என்று மட்டும் சொல்லித் துளை போடுவதை என்னால் ஏற்க முடியாது.

கட்டுரையில் அவசியம் வந்திருக்க வேண்டிய ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பிளாக் போட்ட உதடு பொதுவாக மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும். மறுநாள் காலையிலும் உதடும் தாடை நுனியும் மரத்தே இருந்தால், தையல் பிரிக்கும் நாள்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். திருகு நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். ஒன்றரை நாளுக்குள் அதை எடுத்துவிட்டால் உணர்வு திரும்பும் வாய்ப்பு கூடுதல். 'சூடாகச் சாப்பிடாதீர்கள், துப்பாதீர்கள்' என்று அச்சடித்துத் தரும் சீட்டுகளில் இந்த ஒரு வரியை நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டு திருத்தங்கள். இதய நோயாளிகளுக்கு அட்ரினலின் கலந்த மருந்து கூடவே கூடாது என்று கட்டுரை சொல்கிறது. நோய் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு அளவோடு தரலாம், 0.04 மில்லிகிராம்தான் வழக்கமான வரம்பு. நம் ஊரில் புழங்கும் 80,000-க்கு 1 கலவையில் அது சுமார் 3 மில்லிலிட்டர். அட்ரினலினே இல்லாவிட்டால் மருந்து சீக்கிரம் கலைந்து, நடுவில் வலித்து, உடம்பே அதைவிட அதிகம் சுரந்துவிடும்.

அடுத்தது, வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருப்பது. மயக்க மருந்தும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது பொருந்தும். வெறும் மரத்துப்போகும் ஊசி என்றால் சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரைகளையும் போட்டுக்கொண்டு வரலாம். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினியாக வந்து நாற்காலியிலேயே கண் இருண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த இதழிலேயே இதைத் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல் மருத்துவர்,
கும்பகோணம்