இஸ்திரி வண்டித் தாத்தாவுக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று சாயங்காலம் கடைசிப் பிள்ளையின் ஒப்படைப்பும், அதாவது பத்தாவது பரீட்சைக்கு முன் பிள்ளைகள் எழுதித் தர வேண்டிய பாடத் தாள்களும், படிப்பு மையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. போனில் தகவல் வந்ததும் அப்படியே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு இதை எழுத ஆரம்பித்தேன். பொங்கல் முடியட்டும், நிதானமாக எழுதலாம் என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். எனக்கு அதுவரை பொறுமை இல்லை.

2024 டிசம்பர் 2 விடியற்காலையில் வெள்ளம் பள்ளிக்குள் புகுந்த கதையை நான் மறுபடி சொல்லப்போவதில்லை. சாத்தனூர் அணையில் வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்ட கணக்கைத் தென்பெண்ணைக் கரையில் இருக்கிற யாரும் இனி மறக்கமாட்டார்கள். இதைப் படிக்கிற பலருடைய வீட்டிலும் அதே தண்ணீர், அதே சேறு. அந்த நிலையிலும் பள்ளிக்கு என்ன ஆச்சு என்று கேட்டு வந்தவர்கள் நீங்கள்.

பெஞ்சு போனது, அரிசி மூட்டை போனது, இரண்டு கணினி போனது. அதற்கெல்லாம் நாங்கள் மனதைத் தேற்றிக்கொண்டோம். தேற்ற முடியாமல் போனது இரும்பு பீரோவின் கீழ்த் தட்டைப் பார்த்தபோதுதான். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அதற்கும் கீழே பத்தாவது எழுதப்போகும் 11 பிள்ளைகளின் ஒப்படைப்புகளும் செய்முறை நோட்டுகளும். எல்லாம் ஊறி, ஒட்டி, ஒரே கட்டியாகக் கிடந்தது.

நம் பிள்ளைகளுக்குக் காகிதம் என்றால் என்ன என்பது இங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ போய், ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது பழைய பள்ளியில் பேர் இல்லாமல் போனவர்கள் பாதிப்பேர். ஒரு மாற்றுச் சான்றிதழ் வாங்க நாங்கள் ஏழு தடவை அலைந்திருக்கிறோம். வழக்கமான பள்ளியில் படிக்க முடியாதவர்கள் பரீட்சை எழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதுகிறவர்களுக்கு ஒப்படைப்புக்கு 20 சதவீத மதிப்பெண். பிள்ளைகள் அதைக் கையால் எழுத வேண்டும். ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு இருக்கிறதே, இந்தத் தடவை போனால் அடுத்த தடவை எழுதலாமே என்று நல்ல மனதோடுதான் சிலர் சொன்னார்கள். விதிப்படி சரிதான். ஆனால் எங்கள் பெண் பிள்ளைகளில் இருவருக்கு, ஏப்ரலில் பரீட்சை எழுதுகிறாள் என்று வீட்டில் சொல்லித்தான் வேறு ஒரு பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறோம். அடுத்த தடவை என்பது அவர்களுக்கு இல்லை.

ஆறாம் நாள் வெயில் வந்தது. வாசலில் தார்ப்பாய் விரித்து, பிரித்தெடுக்க முடிந்த தாள்களைக் கல் வைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். காய்ந்தவை எல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டன. நிமிர்த்தினால் ஓரம் உடைந்தது. அப்போது சாலையோரம் ஒரு இஸ்திரி வண்டி வந்து நின்றது.

அவரை நான் அதற்கு முன் பார்த்திருக்கிறேன். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் வண்டி போடுகிறவர். ஒரு நாளும் பேசியதில்லை. எங்கள் பிள்ளைகளுக்குச் சீருடை கிடையாது, இஸ்திரிக்குத் துணி கொடுக்கிற ஆட்களும் நாங்கள் இல்லை. வந்தவர் தார்ப்பாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்படிக் காய வெச்சா வீணாப்பூடும் டீச்சர். நான் தேய்ச்சுத் தரட்டுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவரே தொடர்ந்தார்: "ஊர்ல எல்லார் துணியும் சேறா கெடக்குது. யாரு இப்ப இஸ்திரிக்குப் போடுவாங்க? கரி இருக்கு, பெட்டி இருக்கு, நான்தான் சும்மா குந்திக்கினு இருக்கேன்."

ஒரு வாரமாக வருமானம் இல்லாத மனிதர் சொன்னது இது.

முதலில் ஒன்றும் எழுதாத தாளாகக் கேட்டு வாங்கி அதில் தேய்த்துப் பார்த்தார். பெட்டியின் சூட்டை ஈர விரலால் தொட்டுப் பார்த்து, அதிகம் என்று கரியில் பாதியை வெளியே தட்டிவிட்டார். வண்டிப் பலகையில் செய்தித்தாள், அதன்மேல் பிள்ளையின் தாள், அதன்மேல் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை நாலாக மடித்து வைத்தார். துணிக்குச் செய்வதுபோல இழுக்கவில்லை. பெட்டியை வைப்பார், மனதுக்குள் ஏதோ எண்ணுவார், எடுப்பார். "துணின்னா இழுக்கணும், காயிதம்னா வெச்சு எடுக்கணும்" என்று பக்கத்தில் நின்ற பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இதற்கு முன் அவர் காகிதம் தேய்த்ததே இல்லை என்று மறுநாள்தான் தெரிந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டிருக்கிறார்.

ஒட்டிக்கிடந்த கட்டிகளை அவசரப்பட்டுப் பிரிக்க விடவில்லை. பாதி காயட்டும் என்று நிழலில் வைத்து, ஓரத்தில் லேசாகச் சூடு காட்டி, ஒவ்வொரு தாளாக உரித்தார். பந்துமுனைப் பேனாவில் எழுதியவை அப்படியே நின்றன. ஜெல் பேனாவில் எழுதியவை நீலத் திட்டாகப் பரவியிருந்தன. அந்தத் தாள்களைப் பார்த்துப் பிள்ளைகளைவிட அவர்தான் அதிகம் வருத்தப்பட்டார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நூல் விட்டுப்போய்த் தாள்கள் எல்லாம் கலந்துகிடந்தன. பாதித் தாள்களில் பெயர் இல்லை, பக்க எண்ணும் இல்லை. அதை நாங்கள் எப்படிப் பிரிப்பது என்று முழிக்கும்போதே அவர் தேய்த்த தாள்களைத் தனித்தனியாக அடுக்க ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது படித்ததோடு நின்றவர். எழுத்தை எழுத்தாகப் படிக்க அவருக்குச் சிரமம். ஆனால் கையெழுத்தைப் பார்த்தே இது ஒரு பிள்ளை, இது வேறு பிள்ளை என்று பிரித்தார். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "அம்பது வீட்டுத் துணி வரும். எல்லாம் வெள்ளைச் சட்டைதான். மாத்திக் குடுத்திருக்கேனா ஒரு நாளாச்சும்?" என்றார். 11 அடுக்கில் நாங்கள் திருத்த வேண்டியிருந்தது இரண்டே தாள்கள்.

பக்க வரிசைக்கு மட்டும் அவருக்குக் கண் தேவைப்பட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பையனைக் கூப்பிட்டு, "இந்தத் தாளு கடைசி வரி படி. இப்ப இதோட மொத வரி படி. சேருதா?" என்று கேட்டார். அவர் கூப்பிட்ட பையன் யார் என்று அவருக்குத் தெரியாது. இரண்டு வருடமாக எங்களோடு இருக்கிறான். பழைய பள்ளியில் எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லிச் சிரித்ததிலிருந்து யார் எதிரிலும் வாய்விட்டு வாசிக்காதவன். நாங்களும் வற்புறுத்தியதில்லை. நான் குறுக்கே போகலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவன் வாசித்துவிட்டான். ஒளிச்சேர்க்கையில் ஒரு வரி, அடுத்த தாளில் ஒரு வரி. "சேரல தாத்தா" என்றான். "அப்ப அடுத்ததை எடு" என்றார் அவர். அவ்வளவுதான். சாயங்காலம் வரை அவன் வாசித்துக்கொண்டே இருந்தான், திக்கித் திக்கி, சத்தமாக. சமையலறை வரை கேட்டது. எங்கள் சமையல் அக்கா கரண்டியோடு வெளியே வந்து கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் வந்தார். காசு கொடுத்தபோது வாங்கவில்லை. கரிக்காவது என்றோம், அதுவும் வேண்டாம் என்றுவிட்டார். மதியம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்றாம் நாள் மாலை, அடுக்குகளை எல்லாம் அந்த வெள்ளை வேட்டியிலேயே வைத்து, வீட்டுக்குத் துணி கொடுக்கிற மாதிரி நாலு முனையும் இழுத்து முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தார். "எண்ணிப் பாத்துக்குங்க டீச்சர்" என்றார்.

எண்ணினோம். 412 தாள். அழிந்துபோனவற்றைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லச் சொல்லத் திரும்ப எழுதினார்கள். மற்றவை, ஓரம் பழுப்பேறி, லேசாகக் கரி வாசத்தோடு அப்படியே போயின.

மற்ற எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்கிறேன், குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வகுப்பறை திறந்துவிட்ட பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியருக்கு, டிராக்டரில் சேறு அள்ளிய ஊர்த் தம்பிகளுக்கு, விடுப்புப் போட்டுவிட்டு வந்து கிணறு இறைத்த பழைய மாணவர்களுக்கு, நோட்டும் பேனாவும் அனுப்பியவர்களுக்கு, பெயர் சொல்லாமல் அரிசி இறக்கிவிட்டுப் போன வண்டிக்காரருக்கு, நகல் சான்றிதழுக்கு ஒரே நாளில் கையெழுத்துப் போட்ட அலுவலருக்கு, எங்கள் எல்லோருடைய நன்றி.

ஒரு போன் அழைப்பை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து ஒருவர் பேசினார். பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். இவர், "உங்க ஊழியர்கள் வீடு எப்படி இருக்கு? இந்த மாசச் சம்பளம் போட முடியுமா?" என்று கேட்டார். முடியாத நிலையில்தான் இருந்தோம். சமையல் அக்காவின் வீட்டுச் சுவர் விழுந்திருந்தது. வேன் ஓட்டும் அண்ணன் பள்ளிச் சாமான்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் வீட்டில் ஆடு இரண்டு போய்விட்டன. மூன்றாம் நாளே இருவரும் வேலைக்கு வந்துவிட்டார்கள், நாங்களும் கேட்காமல் இருந்துவிட்டோம். பிள்ளைகளுக்கு என்று கேட்கக் கூசாத வாய், நமக்கு என்று கேட்கத் தயங்குகிறது. சிறிய பள்ளிகளில் ஆட்கள் ஓய்ந்துபோவது இப்படித்தான் என்று நான் நினைக்கிறேன். அந்த ஒரு கேள்வியால் ஏழு பேருக்கும் டிசம்பர் சம்பளம் போனது. இனி எந்த மாதம் பணம் குறைவாக வந்தாலும் முதல் சம்பளம் சமையல் அக்காவுக்கும் வேன் அண்ணனுக்கும்தான் என்று ஆசிரியர்கள் ஐவரும் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறோம். எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. அந்தத் தாள் இப்போது பீரோவின் மேல் தட்டில் இருக்கிறது.

இஸ்திரித் தாத்தாவுக்கு இந்த மடலை யாராவது வாசித்துக் காட்டத்தான் வேண்டும். வாசிக்கிறேன் என்று ஒருவன் இப்போதே சொல்லிவிட்டான்.

அவருடைய வேட்டி எங்களிடமே இருக்கிறது. துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். பொங்கலன்று காலையில் 11 பேரும் அதை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போகிறார்கள்.

அன்போடும் நன்றியோடும்,
பிள்ளைகளின் அக்கா ஒருத்தி