குடோனுக்கு அனுமதி கொடுக்கும் முன்

திட்ட அனுமதிக் குழுவினருக்கு,

வணக்கம். வயலுக்கு நடுவே சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டு அளந்துவிட்டுப் போன பிறகுதான் இங்கே குடோன் வரப்போகிற சேதியே எங்கள் காதுக்கு வந்தது. குடோனே கூடாது என்று சொல்ல வரவில்லை. போனில் ஆர்டர் போட்டுவிட்டு மறுநாளே வாசலை எட்டிப் பார்க்கிற ஆட்கள்தான் நாங்களும். ஆனால் நெடுஞ்சாலையை விட்டு இவ்வளவு உள்ளே எதற்கு?

யார் வாடகைக்கு வரப்போகிறார்கள் என்றே இன்னும் முடிவாகவில்லையாம். அப்புறம் ஒரு நாளைக்கு இத்தனை லாரிதான் என்று அறிக்கையில் எப்படி எழுதினீர்கள்? சரக்கை மாதக்கணக்கில் அடுக்கி வைக்கிறவர் வந்தால் ஒரு கணக்கு, ஆன்லைன் டெலிவரி கம்பெனி வந்தால் இராப்பகலாக வண்டி ஓடும், குளிர்பதனச் சரக்கு என்றால் நிறுத்தி வைத்த லாரியிலும் மெஷின் விடிய விடிய இரைந்துகொண்டே இருக்கும். நடுராத்திரியில் ரிவர்ஸ் எடுக்கிற வண்டியின் பீப் சத்தத்தைப் பற்றி அந்த அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் ஒரு வரி இல்லை.

எங்கள் சாலையில் இரண்டு டிராக்டர் எதிரெதிரே வந்தாலே ஒன்று மண்ணில் இறங்கி நிற்க வேண்டும். வண்டியின் சக்கர அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு என்பது பொறியாளர்களே வெகுகாலமாகப் போடுகிற கணக்கு. அந்தச் சாலையைச் செப்பனிடுவது யார் செலவில்?

தண்ணீரையும் பாருங்கள். 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஏக்கர் பரப்பில் சுமார் 1 லட்சம் லிட்டர் விழுகிறது. இன்று அதில் பெரும்பகுதியை மண் குடித்துவிடுகிறது. 20 ஏக்கரைக் கூரையும் கான்கிரீட்டுமாக மூடினால் கிட்டத்தட்ட 20 லட்சம் லிட்டருக்கு ஓட வழி வேண்டும், இருப்பதோ ஓர் ஆள் தாண்டிவிடக்கூடிய வாய்க்கால். குட்டை வெட்டுவோம் என்கிறார்கள், சரி, பத்து வருஷம் கழித்து அதை யார் தூர்வாருவது?

வரைபடத்தில் ஓரமாகப் பச்சை மேடு ஒன்று அழகாக இருக்கிறது. அது எங்கள் வயலின் மேல்மண்ணை வழித்துக் குவிக்கிற மேடுதான். சில சென்டிமீட்டர் மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான வருஷம் ஆகும்.

வேலை கிடைக்கும் என்கிறீர்களே, எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, எத்தனை இடத்தில் மெஷின் என்று எழுத்தில் கொடுங்கள். வாடகைதாரர் யார், இரவில் எத்தனை லாரி என்பது தெரியும்வரை அனுமதியை நிறுத்தி வையுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தை வேலைநாளில் காலை பதினோரு மணிக்கு வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் வையுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
குச்சி நட்ட வயலுக்கு அடுத்த வீட்டுக்காரர்