நினைவில் உள்ள கடலுக்குத் தத்ரூபம் அளவுகோலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலையும் பிறந்த வீட்டையும் நினைவுகூரும் அனிமேஷன் படங்களைப் பற்றி எழுதுவோர், அலைகள் எவ்வளவு தத்ரூபமாக இருக்கின்றன என்பதையே முதலில் பாராட்டுகின்றனர். நினைவைப் பேசும் படத்துக்கு இந்த அளவுகோல் பொருந்தாது என்பது என் கருத்து.

புகைப்படமோ காணொளியோ இல்லாத ஒன்றைக் காட்ட வேண்டிய இடத்தில்தான் அனிமேஷன் இன்றியமையாததாகிறது. 1915-இல் நீர்மூழ்கியின் தாக்குதலில் லூசிட்டானியா கப்பல் மூழ்கியதை எந்தக் கேமராவும் பதிவு செய்யவில்லை. அமெரிக்க அனிமேஷன் கலைஞர் வின்சர் மெக்கே ஏறத்தாழ 25,000 ஓவியங்களைக் கொண்டு அந்தக் காட்சியை உருவாக்கி 1918-இல் வெளியிட்டார். கடல் கொண்டுபோன வீட்டையோ, இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவந்த கரையையோ வரைய முற்படும் இன்றைய கலைஞரிடமும் பெரும்பாலும் இருப்பது, வாழ்ந்தவர் வாய்மொழியாகச் சொன்னது மட்டுமே.

அதுவும் முழுமையாக இருப்பதில்லை. வாசற்படியின் உயரத்தைக்கூடத் துல்லியமாகச் சொல்பவருக்கு, சன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்பது மறந்திருக்கலாம். அந்த இடைவெளியைக் கணினியால் நிரப்பி, நீர்த்துளி வரை மெருகேற்றிவிட்டால், மறந்துபோனதும் நினைவில் நின்றதும் திரையில் ஒரே தெளிவோடு தோன்றுகின்றன. எனக்கு அது ஒரு சிறு பொய்யாகவே படுகிறது. (கணினியில் நீரை அசையவைப்பது எளிய வேலை என்று நான் சொல்லவரவில்லை.)

இதற்கு மாறாக, தென்னாப்பிரிக்கக் கலைஞர் வில்லியம் கென்ட்ரிட்ஜ், ஒரே தாளில் கரியால் வரைந்து, அழித்து, அதன்மேலேயே மீண்டும் வரைந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் படம்பிடிக்கிறார். முற்றிலும் அழியாத பழைய கோடுகள் சாம்பல் நிறத் தடங்களாகத் திரையிலேயே நிற்கின்றன. ரஷ்யக் கலைஞர் அலெக்சாந்தர் பெத்ரோவ் கண்ணாடியின் மீது எண்ணெய் வண்ணத்தை விரல்களால் தீட்டுகிறார். அடுத்த சட்டகத்துக்காக அந்த ஓவியத்தையே கலைத்து மாற்றுவதால், முந்தைய அலைக்குப் படச்சுருளைத் தவிர வேறு சான்று மிஞ்சுவதில்லை. மங்குவதும் மாறுவதும் இம்முறைகளின் இயல்பிலேயே இருப்பதால், அவற்றை மறைக்க வேண்டிய தேவையே இக்கலைஞர்களுக்கு எழுவதில்லை.

ஆகவே, இத்தகைய படங்களைச் சிறுவர் பகுதியில் ஒதுக்கிவிடாமல் தங்கள் நாளிதழ் விரிவாக விமர்சிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அது யாருடைய நினைவு, அவருடைய குரல் படத்தில் ஒலிக்கிறதா, அவருக்குத் தெரியாத இடத்தைக் கலைஞர் தெரியாததாகவே விட்டிருக்கிறாரா என்பனவற்றை விமர்சகர்கள் முதலில் ஆராயட்டும்; அலையின் அழகைப் பற்றிப் பிறகு எழுதலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்