தெருவேல் கோபுரங்களின் உட்புறம்

அன்புள்ள ரகு,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கட்டடக்கலைப் படிப்பில் இடம் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சி. ஸ்பெயினின் முதேஹர் பாணியைப் பற்றிக் கேட்டாளாமே, அரகோன் பகுதியிலுள்ள தெருவேலிலிருந்து தொடங்கச் சொல். கிறிஸ்தவ மன்னர்களின் ஆட்சியில் வாழ்ந்த முஸ்லிம் கைவினைஞர்களின் மரபு அங்கே நான்கு தேவாலயக் கோபுரங்களாக நிற்கிறது. 1986-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை.

எல்லோரும் வெளியே பதித்த பச்சை, வெள்ளை ஓடுகளைப் பார்த்து வியப்பார்கள். அவள் பார்க்க வேண்டியது உட்புறத்தை. 1315-16-இல் எழுந்த சான் மார்த்தின் கோபுரம் உண்மையில் இரண்டு கோபுரம், ஒன்றுக்குள் ஒன்று. உள்ளே இருக்கும் சதுரக் கோபுரத்தில் மூன்று அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். வெளிச்சுவருக்கும் அதற்கும் நடுவிலுள்ள இடுக்கில் படிக்கட்டு சுற்றிச் சுற்றி ஏறும். வட ஆப்பிரிக்காவையும் தென் ஸ்பெயினையும் ஆண்ட அல்மொஹாது என்ற முஸ்லிம் அரசமரபின் காலத்துப் பள்ளிவாசல் மினாராவின் அமைப்பு அப்படியே இது. படிக்கட்டே இரண்டு சுவர்களையும் சுற்றிலும் பிணைத்துவிடுவதால், உயரம் போனாலும் ஆட்டம் காணாது. உச்சித் தளத்தை மட்டும் மணிகளுக்காக அகலமான திறப்புகளோடு கட்டினார்கள். அடியிலோ கூர்வளைவுக் கூரையின் கீழே தெரு போகிறது!

நல்ல கல் கிடைக்காத ஊர், களிமண்ணும் ஜிப்சமும் தாராளம். அதனால் செங்கல்லும் ஜிப்சம் காரையும். சீக்கிரம் இறுகும் என்பதால் வேலை வேகமாக நடக்கும், ஆனால் ஈரம் பட்டால் இளகிவிடும். சான் மார்த்தினின் அடிப்பகுதி அப்படித்தான் ஈரத்தில் அரித்துப்போனது. 1549-51-இல் பியர் வெடெல் என்ற பிரெஞ்சுக்காரர் அதற்குக் கல்கட்டுமானம் கொடுத்துத் தாங்கவைத்தார். நம் ஊர்ப் பழைய சுவர்களைப் பழுதுபார்ப்பவர்களும் முதலில் அடியிலுள்ள ஈரத்தைத்தானே தேடுகிறார்கள்.

ஓட்டின் பச்சை செம்பிலிருந்து வருவது, வெள்ளை வெள்ளீயத்திலிருந்து. 13-ஆம் நூற்றாண்டின் பழைய இரண்டு கோபுரங்களில் மாங்கனீசு தரும் கருஊதாவும் உண்டு.

பேராலயத்தின் 32 மீட்டர் நீள மரக்கூரையையும் விடக்கூடாது. சாய்மரங்கள் சுவரை வெளியே தள்ளாதபடி குறுக்கு உத்தரங்கள் இழுத்துப் பிடிக்கும். பலகைகளில் வீரர்கள், இசைக்கலைஞர்கள், வடிவியல் கோலங்கள், கூடவே வேலையில் இருக்கும் தச்சர்களும். 18-ஆம் நூற்றாண்டில் அடியில் ஒரு பொய்க்கூரை போட்டு மறைத்துவிட்டார்கள். அந்த மறைப்பால்தான் ஓவியங்கள் பெருமளவு தப்பின.

அவள் வரைபடம் ஏதாவது போட்டால் எனக்கும் அனுப்பச் சொல்.

அன்புடன்,
முருகேசன்