மேய்ச்சலுக்குப் போகும் குதிரைக்குத் தலைக்கயிறு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போடி தாலுகா கொட்டகுடியில் இருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் முப்பது வருடம் பொதிக்குதிரை ஓட்டியவர். மலையில் இருந்து காப்பியும் மிளகும் இறக்குவார், அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றுவார். எங்கள் மாமனார் காலத்துக்கும் முன்னால் மூணாறு தேயிலை மலை உச்சியில் இருக்கும் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் எங்கள் ஊருக்கு இறங்குமாம். 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோனது. குதிரைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, ஜீப் வரும் வரைக்கும் பிழைப்பு ஓடியது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் மூணாறு பக்கம் இரண்டு குதிரைகளை வைத்துக்கொண்டு சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப் பிழைக்கிறான்.

போன மாதம் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். சாயங்காலம் சவாரி முடிந்ததும் எல்லோரும் சேணத்தை இறக்கினார்கள். ஏழெட்டுக் குதிரைகள் இருக்கும். அத்தனைக்கும் முகத்தில் சிவப்பும் நீலமுமாக நைலான் தலைக்கயிறு, நெற்றியில் குஞ்சம். படம் எடுக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை அவிழ்க்காமலே முதுகில் ஒரு தட்டுத் தட்டிப் புல்லுக்கு விரட்டிவிட்டார்கள். விடியும் வரை அதோடுதான் மேயும். ஏண்டா என்று கேட்டேன். "காலையில பிடிக்க வேண்டாமா அம்மா?" என்றான். செவலை செத்தபோது அவனுக்கு நாலு வயது, ஞாபகம் இருக்காது.

செவலை எங்களிடம் இருந்த பெட்டைக்குதிரை. நல்ல நடை, பாலத்தில் மிரளாது. அந்த வருடம்தான் போடி சந்தையில் நைலான் கயிறு வாங்கி வந்தார். முகத்தை அறுக்கக் கூடாதே என்று நான்தான் கொஞ்சம் தளர்த்திக் கட்டச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. குதிரைக்குக் காதுக்குப் பின்னால் அரித்தால் நாய் மாதிரி பின்னங்காலைத் தூக்கித்தான் சொறியும். தளர்ந்து தொங்கிய கயிற்றுக்குள் குளம்பு நுழைந்து, லாடத்தின் நுனி மாட்டிக்கொண்டது. காலை இழுக்க இழுக்கத் தலை பின்னால் போயிருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தபோது சரிவில் கழுத்து முறிந்து கிடந்தது. புல்லெல்லாம் உழுத மாதிரி இருந்தது.

அதற்கு முன்னால் கற்றாழை நாரில் அவரே திரித்த கயிறுதான். ஒரு மழைக்காலம் தாண்டாது, இற்றுப்போய் அறுந்துவிடும். எத்தனை தடவை அறுந்தது என்று அவரைத் திட்டியிருக்கிறேன். அது அறுந்ததனால்தான் அத்தனை வருடம் ஒரு குதிரைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது செவலை போன பிறகுதான் எங்கள் மண்டையில் ஏறியது.

சரி, இறுக்கிக் கட்டினால் போதாதா என்பார்கள். இறுக்கினால் மழையில் ஊறி, கயிற்றுக்கு அடியில் புண் வைக்கும், ஈ மொய்க்கும். குட்டிக்கு இன்னும் மோசம். அதன் தலை வளரும், கயிறு வளருமா? சூரியநெல்லிப் பக்கம் ஒரு குட்டிக்கு மூக்குத்தண்டின் மேல் தோலைத் தாண்டிக் கயிறு உள்ளே போயிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மருத்துவர் வந்துதான் வெட்டி எடுத்தார். அப்புறம் ஒன்று, குதிரைக்கு வாயால் மூச்சு விடத் தெரியாது, மூக்கால் மட்டும்தான். மூக்கெலும்பு பாதியில் முடிந்துவிடும், அதற்குக் கீழே மெத்தென்ற சதைதான். கயிறு நழுவி அங்கே வந்து உட்கார்ந்து, உண்ணிச்செடிப் புதரிலோ எஸ்டேட் முள்கம்பியிலோ மாட்டினால் மூச்சே அடைத்துவிடும்.

பொதி ஏற்றும் மட்டக்குதிரைக்கு 70 கிலோவுக்கு மேல் கூடாது, ஆணி வைத்த கடிவாளம் கூடாது என்றெல்லாம் 1965ஆம் வருட விதி இருக்கிறது. சோதனைக்கு வருகிறவர்கள் பாரத்தைக் கேட்பார்கள், முதுகுப் புண்ணைப் பார்ப்பார்கள். ராத்திரி மேயும் குதிரையின் முகத்தை யார் பார்த்தார்கள்?

மகன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. யானை நடமாடும் இடம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீப்பிடித்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அவசரத்துக்குக் குதிரையைப் பிடிக்கக் கையில் ஏதாவது சிக்க வேண்டும்தான். புதிதாக வாங்கி வந்த குதிரை, ஆளைக் கண்டாலே ஓடுகிறது என்றால் பழகும் வரை கயிறு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அது அறுகிற கயிறாக இருக்க வேண்டும். வெளிநாடுகளில் காதுக்குப் பின்னால் வரும் பட்டையை மட்டும் மெல்லிய தோலில் வைத்து, பலமாக இழுத்தால் அறுகிற மாதிரி விற்கிறார்களாம், மகனே போனில் காட்டினான். விலையைப் பார்த்துச் சிரித்தோம். அதையே நாம் நாலணா செலவில்லாமல் செய்யலாம். நைலானைக் காதுக்குப் பக்கத்தில் வெட்டி, நடுவில் மூட்டை தைக்கிற சணலால் இணைத்துவிடுங்கள். இரண்டு ஆள் இரண்டு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிட வேண்டும். அறவில்லை என்றால் ஒரு சுற்றைக் குறையுங்கள்.

பழகிய குதிரைக்கு அதுவும் வேண்டாம். செவலைக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு குதிரையையும் கயிற்றோடு மேய விட்டதில்லை. பால்பவுடர் டப்பாவில் ஒரு கை கொள்ளைப் போட்டு அவர் குலுக்குவார். ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றாலும் கனைத்துக்கொண்டு வந்துவிடும். சீக்கிரம் பிடிபடாமல் அலையவிட்ட நாளிலும் கொள்ளைக் கொடுத்துவிட்டுத்தான் கயிற்றை மாட்டுவார். பிடிக்கிற அன்றைக்கெல்லாம் அடியும் பாரமும்தான் என்றால் எந்தக் குதிரை வரும்?

அந்த டப்பா பரணில் இருந்தது. துருவைத் தேய்த்து மகனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவன் ஒருத்தன் மாறினால் போதாது, கூட நிற்கிற பையன்கள் எல்லோரும் தமிழ் படிக்கிறவர்கள்தான், உங்கள் பத்திரிகை அந்த டீக்கடைக்கு வருகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
ஒரு பொதிக்குதிரைக்காரர் மனைவி,
கொட்டகுடி, தேனி மாவட்டம்.