முதலில் உங்கள் குழாயின் அடைப்பை எடுங்கள்

கவுண்டி கவுன்சிலின் வெள்ளத் தடுப்புப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அக்டோபர் மழையில் அது எங்கே வழிந்தது, யார் வீட்டுக்குள் புகுந்தது என்பதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. அந்தப் புகைப்படங்களை அனுப்பியதே நாங்கள்தான். இந்தக் கடிதம் ஆங்கிலத்திலும் உங்களுக்கு வந்திருக்கும். தமிழிலும் எழுதிப் பொதுவில் வைப்பதற்குக் காரணம், இங்கிலாந்தில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களில் யாருக்கு வேண்டுமானாலும் நாளை, வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி எங்களுக்கு நீங்கள் அனுப்பியதுபோல் ஒரு நோட்டீஸ் வரலாம்.

அந்த நோட்டீஸில் ஒரு வரி. வாய்க்காலை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் அதைத் தூர்வாரி வைப்பது நூற்றாண்டுகளாக இருந்துவரும் கடமை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. எந்த நூற்றாண்டு, அப்போது அந்தக் கடமையை எப்படிக் கேட்டு வாங்கினார்கள் என்று தேடிப் படித்தேன். நீங்களும் படித்திருந்தால் அந்த வரியைச் சேர்த்திருக்க மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது.

அதற்கு முன் கடைசி வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். அவர் பங்கு வாய்க்கால் சுத்தமாகத்தான் இருந்தது. கோடையில் அவர் மருமகன் வந்து முட்புதரை வெட்டி, சேற்றை அள்ளிவிட்டுப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மழையன்று தண்ணீர் மேலேயிருந்து வரவில்லை. சாலைக்கு அடியில் போகும் உங்கள் குழாய் அடைத்துக்கொண்டதால் கீழேயிருந்து பின்வாங்கி வந்தது. அவர் தோட்டத்தைத் தாண்டி, சமையலறைக் கதவுக்கு அடியில் நுழைந்து, கூடம் வரைக்கும் போனது. கார்பெட்டைப் பிய்த்து வெளியே போட்டாயிற்று. தரை இன்னும் காயவில்லை. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் இரவு பகலாக இரைந்துகொண்டிருக்க, அவர் மாடிப்படித் திருப்பத்தில் மைக்ரோவேவை வைத்துச் சாப்பாடு சுடவைக்கிறார். மின்கட்டணத்தை நினைத்து இரவில் எழுந்து வந்து அந்த இயந்திரத்தை நிறுத்திவிடுகிறார். அதனால் தரை காய்வது இன்னும் தள்ளிப்போகிறது.

இந்த நிலைமையில்தான் அவருக்கு உங்கள் நோட்டீஸ் வந்தது. குறித்த தேதிக்குள் தூர்வாராவிட்டால் நீங்களே ஆள் வைத்துச் செய்து செலவை அவரிடம் வசூலிப்பீர்களாம். அவர் அந்தக் காகிதத்தை நேர்மையாக இன்ஷூரன்ஸ்காரர்களிடம் காட்டினார். பராமரிக்காமல் விட்டது நீங்கள்தானா என்று இப்போது அவர்கள் கேட்கிறார்கள். இழப்பீடு அப்படியே நிற்கிறது. நீங்கள் எல்லா வீட்டுக்கும் ஒரே அச்சில் அடித்து அனுப்பிய காகிதம் அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

நாங்கள் கேட்பது இதுதான். முதலில் உங்கள் குழாயின் அடைப்பை எடுங்கள். பிறகு, வாய்க்காலில் எந்தத் துண்டு யாருடையது என்று நேரில் வந்து பார்த்து, வரைபடத்தோடு எழுதித் தாருங்கள். அதன் பிறகு நோட்டீஸ் அனுப்புங்கள், எங்கள் பங்கைச் செய்கிறோம்.

சரி, நீங்கள் சொன்ன நூற்றாண்டுகளுக்கு வருவோம். எட்டாம் ஹென்றி இரக்கத்துக்குப் பேர்போன மன்னர் அல்ல. 1531இல் அவர் காலத்தில் வந்த சட்டம்தான் வடிகால் கமிஷனர்களுக்கு முழு அதிகாரம் கொடுத்தது. கடலணை, கரை, வாய்க்கால், மதகு எல்லாம் அவர்கள் பார்வையில். வரி போடலாம், அபராதம் விதிக்கலாம், கட்டாதவரின் ஆடுமாடுகளைப் பிடித்துக்கொண்டு போகலாம், நிலத்தையே விற்கலாம். அவ்வளவு பலம் இருந்தும் அவர்கள் வழக்கமாக நடந்த முறை என்ன? அந்த வட்டாரத்து ஆட்களையே ஜூரியாக அழைத்தார்கள். அவர்கள் வாய்க்காலைப் பார்த்துவிட்டு, இந்தத் துண்டு இவருடையது, இத்தனை ராட் நீளம், இன்ன காரணத்தால் இவர் பொறுப்பு என்று சத்தியப் பிரமாணத்தின் மேல் சொன்னார்கள். ஒரு ராட் என்பது பதினாறரை அடி. அதற்குப் பிறகுதான் உத்தரவு, கெடு, அபராதம். எந்தத் துண்டு என்றே குறிப்பிடாமல் தெரு முழுவதற்கும் ஒரே காகிதத்தை அனுப்பும் வசதி பாவம் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

அவர்களும் வரம்பு மீறினார்கள், அப்போது நீதிமன்றம் தட்டிக்கேட்டது. 1598இல் ரூக் என்பவரின் வழக்கு. தேம்ஸ் கரையை ஒட்டி இருந்த நிலத்துக்காரர் ஒருவர் தலையிலேயே கரைச் செலவு முழுவதையும் கட்டிவிட்டார்கள். கரை உடைந்தால் அவருக்குப் பின்னால் இருப்பவர்களின் நிலமும்தான் மூழ்கும். ஆகவே ஆபத்தில் பங்குள்ள எல்லோர் மேலும் செலவைப் பிரிக்க வேண்டும் என்று தீர்ப்பானது. கமிஷனர்களின் விவேகம் என்பது தங்கள் இஷ்டத்துக்கு நடப்பது அல்ல, அதற்குச் சட்டமும் நியாயமும் எல்லை என்று அந்தக் காலத்துச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் எழுதிவைத்தது இந்த வழக்கைப் பற்றித்தான்.

அப்புறம் 1609இல் கீலி வழக்கு. எங்கள் கடைசி வீட்டு அம்மாவுக்காகவே வந்ததுபோல் இருக்கிறது. ஒருவர் காலங்காலமாக ஒரு கடலணையைப் பழுதுபார்க்கக் கடமைப்பட்டவர். அவர் பராமரிக்காமல் விட்டு அது உடைந்தால் செலவு முழுவதும் அவருடையது. அவர் நன்றாகத்தான் வைத்திருந்தார், திடீரென்று வந்த பெருவெள்ளம் உடைத்துவிட்டது என்றால், பயனடையும் எல்லோரும் சேர்ந்து கட்ட வேண்டும். அதாவது கடமை இருக்கிறதா என்பதோடு விஷயம் முடியாது. தவறியது யார் என்றும் பார்க்க வேண்டும். அந்தக் கேள்வியை உங்கள் நோட்டீஸ் கேட்கவே இல்லை.

இன்னொன்று. ஸ்ட்ராட்ஃபோர்டில் 1558இல் தெருச் சாக்கடையைச் சுத்தமாக வைக்கவில்லை என்று சிலருக்கு ஆளுக்கு நாலு பென்ஸ் அபராதம் போட்டார்கள். பட்டியலில் ஷேக்ஸ்பியரின் அப்பா ஜான் இருக்கிறார் என்பதற்காக இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறொரு பெயர், பிரான்சிஸ் பர்பேஜ். அந்த நேரத்தில் ஊரின் பெய்லிஃப் அவர்தான், இன்றைய மேயர் மாதிரி. பதவியில் இருக்கும்போதே அவருக்கும் அபராதம். நாலு பென்ஸுக்காக உங்கள் சாலைப் பிரிவின் மேல் வழக்குப் போடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனால் அந்தக் குழாய் தங்களுடையது என்று உங்கள் ஊழியரே வாசலில் நின்று ஒப்புக்கொண்ட பிறகும், அந்தப் பிரிவுக்கு ஏதாவது நோட்டீஸ் போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை.

அக்கறையில்தான் கேட்கிறேன். கவுன்சில் வரி ஏறுகிறது, தொலைபேசியில் உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்ற குரலும் நன்றாகவே கேட்கிறது, இலைக்குவியலை அள்ளும் வண்டி மட்டும் இலையெல்லாம் வாய்க்காலுக்குள் போன பிறகு வருகிறது. குழியை மூடச் சொன்னால் குழியைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டுப் போகிறீர்கள். மன்னிக்க வேண்டும், இது வேறு பிரிவின் வேலை என்பீர்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பழைய வடிகால் கமிஷன்கள் 1930ஆம் ஆண்டு நில வடிகால் சட்டத்தோடு (Land Drainage Act) போய்விட்டன. அதே பெயரில் வந்த 1991ஆம் ஆண்டுச் சட்டம் தண்ணீர் ஓட்டத்தைத் தடுப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப உங்களுக்கு அதிகாரம் தருகிறது. அதே சட்டம், நோட்டீஸ் பெற்றவர் 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் முறையிடலாம் என்றும் சொல்கிறது. படிக்கும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2010ஆம் ஆண்டு வெள்ள, நீர் மேலாண்மைச் சட்டப்படி (Flood and Water Management Act), வெள்ள அபாயத்தைப் பெரிதும் பாதிக்கக்கூடிய கட்டமைப்புகளுக்கு உரிமையாளர் விவரத்தோடு ஒரு பதிவேடு வைப்பது உங்கள் பொறுப்பு. எங்கள் சாலைக்கு அடியில் உள்ள குழாய் அந்தப் பதிவேட்டில் உண்டா? உண்டென்றால் கடைசியாக எப்போது தூர்வாரினீர்கள் என்ற தேதியைத் தாருங்கள்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பெருமழைக்கு முன் குழாயின் அடைப்பை எடுங்கள். யாருடைய துண்டு எது என்று நேரில் பார்த்து எழுதித் தாருங்கள். அதுவரை எல்லா வீட்டு நோட்டீஸையும் நிறுத்திவையுங்கள். கடைசி வீட்டு அம்மாவுக்கு அனுப்பியதை மட்டும் நிறுத்திவைத்தால் போதாது, திரும்பப் பெற்றுக்கொண்டதாக ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்பது அந்த ஒரு பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
வாய்க்கால் ஓரத்து வீட்டுக்காரர்களில் ஒருவன்